தம்பிதுரை ‘வாங்க’ சொல்லாத கல்யாணம்

கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தில் ரசத்தில் உப்பு குறைந்தால் மன்னித்துவிடுவார்கள். நாதஸ்வரக்காரர் தாமதமாக வந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். மண்டப வாசலில் நின்று, வருகிறவர் முகத்தைப் பார்த்து, கையைக் கூப்பி “வாங்க” என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லாவிட்டால் மட்டும் தீர்ந்தது கதை. “வாங்கன்னுகூடக் கேக்கலீங்க” என்று வந்த வழியே திரும்பிப் போய், அதைப் பேரன் பேத்தி எடுக்கும்வரை மனதில் வைத்திருக்கிற வீடுகள் இங்கே ஏராளம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அந்த வீட்டில் பெண் கொடுத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வாசலில் நிற்கிற அந்த வேலைக்கென்றே பிறந்தவர் என்று தொண்டாமுத்தூர்ப் பக்கம் பெயர் வாங்கியவர் தம்பிதுரை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தென்னையும் பாக்குமாகத் தோட்டம், தோட்டத்துக்குள்ளேயே வீடு, மனைவி சாந்தாமணி, சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ரித்திகா. சொந்தத்தில் காதுகுத்தோ கல்யாணமோ, பத்திரிகை வைக்க வரும்போதே “வாசலை நீங்க பாத்துக்கோணுமுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். வெள்ளை வேட்டி சட்டையில் அவர் நின்றுவிட்டால் யாரும் விடுபட மாட்டார்கள். “முழங்கால் இப்பத் தேவலைங்களா?” என்று ஒருவரை, “பையன் லீவுக்கு வர்லீங்களா?” என்று இன்னொருவரை, ஆளுக்கொரு கேள்வியாகக் கேட்டு அனுப்புவார். கேட்கப்பட்டவர் குளிர்ந்துபோய்ப் பந்திக்குப் போவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர், சொந்த மச்சான் மகள் கல்யாணத்தில் வாசலில் இல்லை.

மச்சான் என்றால் சாந்தாமணியின் அண்ணன் சுப்பண்ணன். கோபிசெட்டிபாளையத்தில் நெல்லும் வாழையுமாகப் பெரிய விவசாயம். ஒரே பெண்ணின் கல்யாணம். வாசலுக்கு மாப்பிள்ளை தம்பிதுரை இருக்கிறார் என்று நம்பி அவர் மேடைப் பக்கமே இருந்துவிட்டார். வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்பிள்ளைகள் மட்டும் நின்றிருந்தார்கள். சம்பந்தி வீட்டுப் பெரியப்பா ஒருவர் வந்து நின்று பார்த்தார், கேட்க ஆள் இல்லை என்று கண்டுகொண்டார், கையில் கொண்டுவந்த பையோடு காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவரைச் சமாதானம் செய்ய நாலு பேர் பின்னாலேயே ஓடினார்கள். தம்பிதுரையோ மண்டபத்துக்குப் பக்கவாட்டில் வேப்பமரத்தடியில் நிறுத்திய காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதையும் கண்ணாடி வழியாக நாலு பேர் பார்த்துவிட்டார்கள்.

“கோயமுத்தூர்ல நெலத்து வெலை ஏறிப்போச்சுங்கொ. இனி மாப்பளைக்கு நம்மளை வாங்கன்னு கேக்க வாய் வருமா?” என்றார் சுப்பண்ணன். அதோடு பேச்சை நிறுத்தினார். சொந்தம் முழுவதும் அதையே சொன்னது. கொழுப்பு, கெத்து, கண்ணு தெரியலை. ஊரில் இருக்கிற எல்லாக் காரணமும் சொன்னார்கள். அவருக்கு முடியவில்லையோ என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காருக்குள் நடந்தது இவ்வளவுதான். நாதஸ்வரம் கேட்டது. பட்டுச்சேலைகளும் மல்லிகைப்பூவுமாகக் கூட்டம் உள்ளே போவது தெரிந்தது. அத்தனை முகங்களுக்கும் ஒவ்வொரு சிரிப்பு தர வேண்டும் என்று நினைத்தார். தன்னிடம் ஒரு சிரிப்புகூட இல்லை என்று தெரிந்தது. “நீ போ, வாரேன்” என்று சாந்தாமணியை அனுப்பிவிட்டு, கதவைத் திறக்கப் பார்த்தார். கை வரவில்லை. வலியும் இல்லை, மயக்கமும் இல்லை. வெட்கம் மட்டும் இருந்தது. முகூர்த்தம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த நிலை தொடங்கி அதற்குள் சில மாதங்கள் ஆகியிருந்தன. விடிவதற்கு வெகுமுன்னே விழிப்புத் தட்டிவிடும். தட்டினதுமே நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கனம். மோட்டார் போடப் போவார், சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பிவிடுவார். சோறு காகிதத்தை மெல்வதுபோல இருந்தது. அவருக்குக் கோபம் வந்தது எதனால் என்றால், இதற்கெல்லாம் ஒரு காரணம் இல்லை. தேங்காய் விலை நன்றாக இருந்தது. போர் தண்ணீர் வற்றவில்லை. மகள் சொன்ன பேச்சைக் கேட்கிறாள். ஏதாவது ஒரு கஷ்டம் இருந்திருந்தால் அதைக் காட்டி அழுதிருக்கலாம். எல்லாம் சரியாக இருக்கும்போது அழுகிறவனை ஊர் என்ன சொல்லும்?

கண்ணுபட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். சுகராக இருக்கும் என்று முழு உடம்புக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். எல்லாமே நார்மல் என்று வந்தபோது சாந்தாமணிக்குச் சந்தோஷம், தம்பிதுரைக்கு ஏமாற்றம். சுகரென்று வந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள மரியாதையான நோயாக இருந்திருக்கும்.

“அப்பா, இது டிப்ரஷன்” என்றாள் ரித்திகா, கல்யாணத்தில் பேர் கெட்டுப்போன மறுவாரம்.

“அதெல்லாம் உங்க கம்பெனிப் பசங்களுக்கு வர்றது கண்ணு. தோட்டங்காட்டுல கெடக்கறவனுக்கு எதுக்கு வருது?”

“ஆருக்கு வேணாலும் வரும்ப்பா. என் கூட வேலை செய்யறவங்கள்ல ரெண்டு பேரு மாத்திரை போடறாங்க. நீங்க கெளம்புங்க.”

கோவையில், ராம்நகர்ப் பக்கம், ஒரு மாடியில் டாக்டர் சாய்ப்ரியாவின் கிளினிக். மனநல மருத்துவர் என்று போர்டு இருந்ததால் தம்பிதுரை படியேறும்போது துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டார். மேலே போனால் ஹால் நிறைந்த கூட்டம். கல்லூரிப் பிள்ளை, கைக்குழந்தைக்காரி, ஜிப்பா போட்ட பெரியவர். அதில் மூலையில் இருந்தவர் பேரூர் உரக்கடைக்காரர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். வேறு வழியில்லை.

“ஏனுங்க, இங்க?” என்றார் உரக்கடைக்காரர்.

“கீழ பல் டாக்டரைப் பாக்க வந்தனுங்க. மேல காத்தாட ஒக்காரலாம்னு. நீங்க?”

“நான் ஃப்ரெண்டு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தனுங்க.”

ஃப்ரெண்டு யாரும் அங்கே இல்லை. கீழே பல் டாக்டரும் இல்லை. இருவரும் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

டாக்டருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பீளமேட்டுப் பெண். பொறுமையாக எல்லாம் கேட்டாள். இது மனச்சோர்வு, குணமாகிற நோய், இந்த மாத்திரையைச் சின்ன அளவில் ஆரம்பிப்போம், எப்படி இருக்கிறது என்று நீங்கள் சொல்வதை வைத்துத்தான் கூட்டுவதா மாற்றுவதா என்று முடிவு செய்ய முடியும் என்றாள். தம்பிதுரைக்கு அவளைப் பிடித்துவிட்டது. தன்னிடம் இவ்வளவு நேரம் யாரும் நிதானமாகக் கேள்வி கேட்டதில்லை.

அடுத்த முறை போகும்போது ஒரு பை நிறையத் தேங்காய் கொண்டுபோனார். சாந்தாமணியை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனார்.

“எப்படி இருக்கீங்க ஐயா?”

“நல்லா இருக்கறனுங்க.”

“தூக்கம்?”

“அருமையா வருதுங்க.”

இரண்டுமே பொய். முந்தின ராத்திரி அவர் தூங்கவே இல்லை. ஆனால் எப்படிச் சொல்வது? மகள் வயதுப் பிள்ளை, அத்தனை படிப்புப் படித்து, நம்பிக்கையோடு எழுதிக் கொடுத்த மருந்து. அது கேட்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் அவள் முகம் வாடாதா? ஒரு வீட்டில் போட்ட காபி நன்றாக இல்லை என்று இவர் ஜென்மத்தில் சொன்னதில்லை. ஆறிப்போன காபியையும் அருமை என்று குடித்துவிட்டு வருகிற மனிதர். அதே மரியாதையை நோய்க்கும் காட்டினார். அவளும், தேறி வருகிறார் என்று நம்பி, அதே சின்ன மாத்திரையைத் தொடரச் சொல்லி, இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றாள். “உங்க கைராசிங்க அம்மணி” என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

இந்த மனிதரை என்ன செய்வது? மரியாதை நல்லதுதான். அதற்காக உயிரைக் கொடுப்பார்களா? கொடுக்கத்தான் பார்த்தார்.

ஒருநாள் கிழக்கு வெளுக்கிற நேரம். மோட்டார் ரூமுக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் பட்டாசுச் சத்தம், “யானை, யானை, உள்ள போங்க” என்று பாரஸ்ட்காரர்களின் கூச்சல். மலையடிவாரத்தில் இது புதிதல்ல. இந்தச் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துவது குழந்தைக்கும் தெரியும். பால் கறந்துகொண்டிருந்த சாந்தாமணி செம்பைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். மேலிருந்து பார்த்தபோது ஒற்றைக் கொம்பன் ஒன்று வேலியை மிதித்துக்கொண்டு பாக்கு மரங்களுக்குள் வந்துகொண்டிருந்தது. கட்டிலில் தம்பிதுரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“எந்திரிச்சு வாங்க” என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவர் அவளைப் பார்த்தார். யானையைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. யானை ஒரு தென்னங்கன்றின் குருத்தை உருவித் தின்றது, அவரைச் சட்டை செய்யாமல் பள்ளத்துப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

அவர் மெதுவாக நடந்து வீட்டுக்கு வந்தார். “பயமே வர்லை சாந்தாமணி” என்றார். “ஒரு மிதி மிதிச்சுட்டுப் போனாத் தேவலைன்னு இருந்துச்சு.”

அதுவரை சாந்தாமணி இதைச் சோம்பல் என்று நினைத்திருந்தாள். பிறகு கண்ணுபட்டது என்று நினைத்தாள். அண்ணன் உறவைக் கெடுத்துவிட்டாரே என்று உள்ளூர அவர்மேல் வஞ்சமும் வைத்திருந்தாள். அன்று அதெல்லாம் போய்விட்டது. இந்த மனிதர் இல்லாமல் போய்விடுவார் என்கிற பயம் மட்டும் நின்றது. மாதக் கடைசி வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. அன்றைக்கே கிளம்பச் சொன்னாள். இந்த முறை வெளியில் உட்காரவும் இல்லை.

“எப்படி இருக்கீங்க ஐயா? சீக்கிரமே வந்துட்டீங்க” என்றாள் டாக்டர்.

“நல்லா இருக்கறனுங்க” என்றார் தம்பிதுரை. பழக்கதோஷம்.

சாந்தாமணி அவர் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, அந்தப் புள்ளை மனசு நோகக்கூடாதுன்னு பாக்கறீங்க. எம் மனசை ஆரு பாக்கறது?”

தம்பிதுரை துண்டை எடுத்து முறுக்கினார். “மருந்து கேக்கலீங்க அம்மணி” என்றார். “மொதல்ல இருந்தே கேக்கலை. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு...” அதற்குமேல் முடியவில்லை. அப்பன் செத்தபோதுகூட நின்று வந்தவர்களைக் கவனித்தவர், அந்த நாற்காலியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். சாந்தாமணி யானைக் கதையைச் சொன்னாள்.

டாக்டர் முகம் வாடவில்லை. சாக விருப்பமா, எப்போதெல்லாம் தோன்றுகிறது என்று நேராகக் கேட்டாள். அவரும் நேராகச் சொன்னார். சொல்லச் சொல்ல நெஞ்சின் கனம் கொஞ்சம் நகர்ந்ததை அங்கேயே உணர்ந்தார். தோட்டத்தில் இருக்கிற பூச்சிமருந்து டப்பாக்களை எல்லாம் இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், கொஞ்ச நாளைக்கு இவரைத் தனியாக விடாதீர்கள் என்று சாந்தாமணியிடம் சொன்னாள். மாத்திரையை மாற்றி எழுதினாள்.

“முதல் மருந்து எல்லாருக்கும் கேக்காது ஐயா. அது என் தப்பும் இல்லை, உங்க தப்பும் இல்லை. தேங்காய் கொண்டு வரவேண்டாம். நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லுங்க. அது போதும்.”

“எனக்கு மட்டும் ஏனுங்க அம்மணி இது? எங்க ஊர்ல ஆருக்கும் இல்லீங்களே.”

அவள் சிரித்துவிட்டாள். “வெளியில ஹால்ல பாத்தீங்கல்ல? அதுல பாதிப் பேரு உங்க ஊர்ப் பக்கந்தான். ஒருத்தருக்குக் குடும்பத்துலயே இருக்கும், ஒருத்தருக்கு ஒரு இழப்பு, ஒருத்தருக்குத் தைராய்டு, சில பேருக்குக் காரணமே தெரியாது. ஆனா எல்லாருமே பல் டாக்டரைப் பாக்க வந்தேன்னுதான் சொல்றாங்க. அதனால ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டுந்தான்னு நெனச்சுக்கறாங்க.”

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. பிடிக்கிறதோ இல்லையோ, தினமும் ஏதாவது ஒரு சின்ன வேலையைச் செய்யச் சொல்லியிருந்தாள் டாக்டர்; ஆசை வந்தபிறகு செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது, வேலைக்குப் பின்னால்தான் ஆசை வரும் என்றிருந்தாள். தம்பிதுரை கன்றுக்குட்டியை அவிழ்த்துக் கட்டுவதில் ஆரம்பித்தார். சாயங்காலம் சாந்தாமணி அவரைப் பள்ளத்துப் பாதையில் நடக்க இழுத்துக்கொண்டு போனாள். வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசினார். சில நாள் தேவலை, சில நாள் பழையபடியே கட்டில். பழையபடியே இருந்த நாட்களில் அதை டாக்டருக்குப் போன் செய்து சொன்னார். அதுதான் அவருக்கு இருந்ததிலேயே கடினமான வேலை.

ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து, “அரிசிம்பருப்புச் சோத்துல என்ன உப்பே இல்லை?” என்று சள்ளென்று விழுந்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது. சாந்தாமணி எழுந்து அடுப்படிக்குள் போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தனை மாதமாக அந்த மனிதர் எது போட்டாலும் குறை சொல்லாமல் சாப்பிட்டிருந்தார். ரித்திகாவுக்குப் போன் போட்டு, “உங்கப்பன் என்னையத் திட்டிப்போட்டாரு கண்ணு” என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

தூக்கம் திரும்பியது. முகத்தில் சதை பிடித்தது. ஆனால் கோபிப் பக்கம் போகாமல் இருந்தது இருவருக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. போய்ச் சமாதானம் செய்துவிடலாம் என்று கிளம்பியபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே யோசனை சொன்னார்கள்: கல்யாணத்தன்னைக்கு லோ சுகர் ஆயிருச்சுன்னு சொல்லிப்போடுங்க. நல்ல யோசனைதான். தம்பிதுரைக்கே வழியெல்லாம் அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.

சுப்பண்ணன் மாட்டுத்தொழுவத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “வாங்க” என்றார், மாட்டைப் பார்த்துக்கொண்டு. அவர் மனைவி மாரியாத்தாள் வெளியே வரவில்லை. சாந்தாமணியின் முகம் கறுத்தது. தம்பிதுரையின் காதில், “பாத்தீங்களா? அண்ணிக்கு எழுந்து வந்து ஒரு வாங்க கேக்க முடியலை” என்றாள்.

“அவளுக்கு முதுகு வலி. படுத்திருக்கறா” என்றார் சுப்பண்ணன், அது காதில் விழுந்ததுபோல.

தம்பிதுரை உட்கார்ந்தார். “மச்சான், அன்னைக்கு நான் காருக்குள்ள ஒக்காந்திருந்தது கெத்துல இல்லீங்க” என்று ஆரம்பித்தார். சுகர் என்ற வார்த்தை வரவில்லை. விழிப்பு, கனம், காகிதச் சோறு, யானை, டாக்டர், மாத்திரை எல்லாவற்றையும் சொன்னார். குரல் சில இடத்தில் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டார்.

சுப்பண்ணன் இப்போது மாட்டைப் பார்க்கவில்லை. “அந்த முழிப்பு, விடியறதுக்கு முந்தியே வந்துருமுங்களா?” என்று கேட்டார்.

“வந்துருமுங்க.”

“சோறு எறங்காதா?”

“எறங்காதுங்க.”

சுப்பண்ணன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “மாப்பளை, அவளுக்கு முதுகுல ஒண்ணும் வலி இல்லீங்க” என்றார். “புள்ளையைக் கட்டிக் குடுத்ததுல இருந்து இப்படித்தான் கெடக்கறா. ஆருகிட்டச் சொல்றது? முதுகுன்னு சொல்லிட்டு இருக்கறேன்.”

சாந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். தம்பிதுரை எழுந்து அறை வாசலுக்குப் போனார். மாரியாத்தாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பகலிலும் ஜன்னல் சாத்தியிருந்தது. மேசைமேல் சோறு மூடியபடியே இருந்தது.

“அக்கா” என்றார். “எப்படி இருக்கறீங்க?”

“நல்லா இருக்கறேன் தம்பி” என்றாள் சுவரைப் பார்த்தே. “வாங்க. புள்ளையெல்லாம் சௌக்கியமா?”

அவர் சரி என்று திரும்பிப் போகவில்லை. வாசற்படியிலேயே தரையில் உட்கார்ந்தார். வந்த விருந்தாளி தரையில் உட்காருவதைக் கண்டு சுப்பண்ணன் பதறிப் பாய் எடுக்க ஓடினார். தம்பிதுரை கையை அசைத்து வேண்டாம் என்றார். சாந்தாமணி உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணியின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

வெகுநேரம் கழித்து மாரியாத்தாள் புரண்டு படுத்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

“எந்திரிக்கவே முடியலை தம்பி” என்றாள்.

“தெரியுமுங்க அக்கா” என்றார் தம்பிதுரை.